கூட வந்தவரையும் உள்ளே கூப்பிடுங்கள்

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கும்,

நேற்றுக் காலை போன் செய்து, "அக்கா, கம்ப்யூட்டர்ல 'மாதிரி'ன்னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சாம். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னாரு. எங்க தேடியும் காணலை" என்றீர்கள். தேட வேண்டாம். அதை அழித்தது நான்தான். ஓய்வு பெறுவதற்கு நாலு வருடம் முன்பே அழித்துவிட்டேன். கதவில் ஒரு ஆணி மட்டும் இருக்கிறதே, அங்கே என்ன தொங்கியது என்றும் கேட்டீர்கள். அதைக் கழற்றியதும் நான்தான். இரண்டுக்கும் காரணம் ஒரே ஆள். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உங்களுக்கு யாராவது வந்துவிடுவார்கள், எனக்கும் இப்போது அதிகம் பேசினால் மூச்சு வாங்குகிறது. ஆபரேஷன் காயம் ஆறிக்கொண்டிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. படுத்துக்கொண்டே எழுதலாம் என்பதால் எழுதுகிறேன்.

நம் வேலை என்ன என்று வெளியே கேட்டால் சொல்வது கஷ்டம். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடி, இரண்டு அறை, ஒரு பிரிண்டர், அதுதான் நம் மையம். மலைக் கிராமங்களிலிருந்து வேலை தேடி வருகிறவர்களுக்கு பயோடேட்டா தயார் செய்து, அதற்கு மேலே ஒரு கவரிங் லெட்டர் வைத்து அனுப்புகிறோம். பயோடேட்டாவை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். பெயர், படிப்பு, பிறந்த தேதி. அந்த ஒரு பக்கக் கடிதத்தில்தான் ஆளின் முகம் தெரிய வேண்டும். நான் இருபது வருடத்துக்கு மேல் அதை எழுதினேன். அதில் பெரும்பகுதி தப்பாக எழுதினேன் என்பதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த ஃபோல்டரில் ஓட்டலுக்கு ஒரு கடிதம், பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, எஸ்டேட் ஆபீசுக்கு ஒன்று என்று இங்கிலீஷில் அழகழகாக வைத்திருந்தேன். பெயரை மாற்றினால் போதும், ஐந்து நிமிடத்தில் ஆளை அனுப்பிவிடலாம். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. ஒரு முறை தலைச்சோலையிலிருந்து ஒன்பது பையன்கள் ஒரே விடுதிக்கு விண்ணப்பிக்க வந்தார்கள். ஒன்பது பேருக்கும் ஓட்டல் கடிதத்தை வைத்து அனுப்பினேன். மறுநாள் விடுதி மேனேஜர் கூப்பிட்டார்.

"ஏனுங்க மேடம், ஒன்பது பேருக்கும் சின்ன வயசுல இருந்தே விருந்தாளிகளைக் கவனிக்கறதுல தீராத ஆசைங்களாம். எல்லாத்தையும் ஒரே தொட்டில்ல போட்டா ஆட்டுனாங்க?"

உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்குக் கோபம் வந்தது, அதுவும் அவர் மேல். கொடுத்ததைப் படித்துவிட்டுப் போகாமல் இவருக்கு என்ன கிண்டல் என்று முணுமுணுத்துக்கொண்டே ஃபோல்டரைத் திறந்து, "சின்ன வயதிலிருந்து" என்பதற்குப் பக்கத்தில் "பள்ளிப் பருவத்திலிருந்து" என்று இன்னொரு வகை சேர்த்து வைத்தேன். அவ்வளவுதான் நான் திருந்தியது. அந்த ஒன்பது பேரில் உயரமாக இருந்த இரண்டு பேரை அவர் எடுத்துக்கொண்டார். மீதி ஏழு பேர் யார், எப்படிப்பட்டவர்கள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இனி அந்த ஆணி. அதில் ஒரு பலகை தொங்கியது. "விண்ணப்பதாரர் மட்டும் உள்ளே வரவும்." இந்த மலையில் யாரும் தனியாக வர மாட்டார்கள் என்பதை ஒரே வாரத்தில் நீங்களே பார்த்திருப்பீர்கள். வேலை ஒருவருக்கு, வருவது மூன்று பேர். மாமியார், மச்சான், பஸ்ஸில் கூட வந்த பக்கத்து ஊட்டு ஆள். நாம் கேட்பது ஒருவரை, பதில் சொல்வது இன்னொருவர். நான் சேலத்திலிருந்து மேலே ஏறி வந்தவள், எனக்கு இது எரிச்சலாக இருந்தது. வேலைக்குப் போகப் போகிறவளுக்கு வாய் இல்லையா என்று நினைத்துப் பலகை எழுதி மாட்டினேன். அதன் பிறகு அறை அமைதியாகிவிட்டது. அமைதியைப் பார்த்து ஒழுங்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ரேவதி வந்தது பங்குனியில். மாரமங்கலத்துப் பெண், அப்போது இருபத்தெட்டு வயதிருக்கும், பிளஸ் டூ படித்தவள், இரண்டு குழந்தைகள். கூட அவளுடைய அண்ணன் மனைவி சாந்தி. வழக்கம்போல சாந்தியை வெளியே படிக்கட்டுப் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். ஏற்காட்டிலேயே இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசைக்கு ஆள் தேவை என்று ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு ரேவதி வந்திருந்தாள்.

"நொம்ப அவசியமுங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. எங்க ஊட்டுக்காரரு வேலை பாத்த எஸ்டேட்டை வித்துப் போட்டாங்க, காட்டேஜ் கட்டப் போறாங்களாம். அவரு திருப்பூருல பனியன் கம்பெனிக்குச் சொல்லி வெச்சுட்டாரு. எனக்கு இங்க ஒரு வேலை கெடைச்சா அவரு இருக்கற அரை ஏக்கரா காப்பி மெளகைப் பாத்துக்குவாரு. கெடைக்கலைன்னா பரீட்சை முடிஞ்சதும் பசங்களுக்கு டிசி வாங்கிட்டுக் கெளம்பறதுதானுங்க."

"சரி, உனக்கு என்னென்ன தெரியும்?"

"எனக்கு என்னங்க தெரியும்? ஒண்ணும் தெரியாதுங்க."

நான் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன். மூன்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டு அதே பதில். ஒரு முறை எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் ரைட்டருக்குக் கண் வலி வந்தபோது, வேலைக்கு வந்தவர்கள் பேரை நாலு நாள் எழுதிக் கொடுத்ததாக மட்டும் சொன்னாள். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். நான் ஃபோல்டரைத் திறந்து, பெயரைப் போட்டு, அந்த நாலு நாளை எஸ்டேட் அலுவலகத்தில் இரண்டு வருட அனுபவம் என்று ஆக்கி, அவள் எதிரிலேயே மெயிலில் அனுப்பினேன். அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். கெடுதல் செய்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள் போலிருக்கிறது.

வியாழக்கிழமை அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அன்று காப்பிப் பூவுக்காக எல்லோரும் காத்திருந்த மழை பிடித்துக்கொண்டது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போக, சாந்தி நனையாமலிருக்க நம் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொண்டாள். பன்னிரண்டு மணி இருக்கும், போன் அடித்தது. ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட அம்மா. அவரைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. இந்தத் தொழிலில் எனக்கு வாத்தியார் என்று ஒருவர் உண்டென்றால் அந்த ஐந்து நிமிடப் பேச்சுதான்.

"மேடம், ரேவதிங்கற பொண்ணு எதிர்ல உக்காந்திருக்கு. எஸ்டேட் ஆபீசுல ரெண்டு வருஷம் வேலை பாத்ததா உங்க லெட்டர் சொல்லுது. அதைக் கேட்டா, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்கன்னு பொண்ணு சொல்லுது. இதுல யாரு பொய் சொல்றது?"

கண்ணுகளா, இப்படி ஒரு நொடி உங்களுக்கும் வரும். அப்போது நாக்கு தானாகவே வழி தேடும். எனக்கு இரண்டு வழி கிடைத்தது. வேறு யாருடைய கடிதமோ மாறிப் போய்விட்டது என்று சொல்லலாம், பழியைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும். அல்லது, பயத்தில் உளறுகிறாள், விவரம் போதாது என்று சொல்லலாம். இரண்டாவது வழியில் போனால் கடிதம் தப்பிக்கும், நம் மையத்தின் பெயரும் தப்பிக்கும். ஆனால் எதிரில் உட்கார்ந்து உண்மையைச் சொன்ன ஒரே ஆள் பொய்க்காரி ஆகிவிடுவாள். ஒத்துக்கொண்டாலோ, இனி நான் யாருக்கு எழுதினாலும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.

"பொய் என்னுதுங்க. அந்தப் பொண்ணுக்கு அதுல என்ன எழுதியிருக்குன்னே தெரியாது" என்றேன்.

அந்தப் பக்கம் திட்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வந்தது அதைவிட மோசமான ஒன்று.

"சரிங்க. அப்ப அந்தப் பொண்ணுக்கு என்னதான் தெரியும்? கேட்டா ஒண்ணும் தெரியாதுங்குது. நீங்களாவது சொல்லுங்க."

"அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்னுங்களா?" என்று அவர் கேள்வியையே திருப்பிச் சொன்னேன். இருபது வருடம் அடுத்தவர்களைப் பற்றி எழுதிச் சம்பளம் வாங்கியவளுக்கு, ஒரு ஆளைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லத் தெரியவில்லை. அவர், "இன்னும் மூணு பேரைப் பாக்கணும். நாலு மணி வரைக்கும் இருப்பேன். உண்மையா ஒரு பக்கம் எழுதிக் குடுத்தா படிக்கறேன். இல்லைன்னா விட்டுருங்க" என்று வைத்துவிட்டார்.

நிமிர்ந்து பார்த்தால் கதவருகில் சாந்தி நிற்கிறாள். நான் போனில் கத்திப் பேசுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாம் காதில் விழுந்திருந்தது. ஒரு கால் வாசலுக்கு வெளியே, ஒரு கால் உள்ளே.

"ஏனுங்கக்கா, நான் உள்ள வரலாமுங்களா? போர்டு போட்டிருக்கீங்களே."

"வாங்க" என்றேன். வேறென்ன சொல்வது.

"அவளுக்கு என்ன தெரியும்னு கேட்டாங்களாக்கும்? என்ன தெரியாதுன்னு கேக்கச் சொல்லுங்க! எங்க ஊருல ஆருக்கு ஒடம்பு சரியில்லைன்னாலும் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு இவளைத்தானுங்க கூப்புடுவாங்க. ஆறு வருஷமா இவதான் போயிட்டு வாரா. எந்த வாசல்ல சீட்டுப் போடறது, எந்தக் கெழமை எந்த டாக்டரு வருவாரு, எல்லாம் அத்துப்படி. ஊரு சனத்துச் சீட்டையெல்லாம் பிஸ்கட் டப்பாவுல ஊடு ஊடாப் பிரிச்சு வெச்சிருக்கா. எங்க மாமனாருக்குக் கட்டின்னு சொன்னப்ப, அந்த டாக்டரு சொன்னது எங்க ஆருக்கும் வெளங்கலை. இவதான் வெளங்க வெச்சா. அதும் பஸ்சுல சொல்ல மாட்டாளுங்க. எத்தனை கேட்டாலும் வாயைத் தொறக்க மாட்டா. ஊட்டுக்குப் போயி, எல்லாத்துக்கும் காப்பி வெச்சுக் குடுத்துட்டு, அப்பறந்தான் சொல்லுவா."

நான் பேனாவை எடுத்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இந்த மலையில் நான் பார்த்த வரை, தனக்கு வேண்டியதைத் தன் வாயால் கேட்கிற வழக்கமே இல்லை. பெண் கேட்கப் போனாலும், குத்தகைக்கு நிலம் கேட்கப் போனாலும், வேண்டியவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கூட வந்தவர் பேசுவார். அதற்காகத்தான் அவரைக் கூட்டி வருவது. நான் வாயைப் படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டு, காதைப் பிடித்து விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரேவதி சொட்டச் சொட்ட நனைந்து படியேறி வந்தாள். அழவில்லை. எனக்கு எதிரில் நின்று, "வாசிச்சுக் காமிச்சிருந்தா வேண்டாமுன்னு அப்பவே சொல்லியிருப்பேனுங்க. பொய் சொல்லி வேலைக்கு வந்தவளாட்டம் என்னைப் பாத்தாங்க" என்றாள். மரியாதை ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. அதனால்தான் அதிகமாகச் சுட்டது. "தப்பு என்னோடதுதான் சாமி. நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கு. உக்காரு" என்றேன்.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். உட்கார்ந்ததும் கரண்ட் போனது. பிரிண்டர் இல்லை, ஃபோல்டர் இல்லை. சன்னலோரம் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, தமிழிலேயே, உன் கையாலேயே எழுது என்று அவளிடம் கொடுத்தேன். பேனாவைத் தொடவே மாட்டேன் என்றாள்.

"இதெல்லாம் வேலையாங்க? எல்லாரும் செய்யறதுதானே."

"எல்லாரும் செய்யறாங்களா? நான் ஒரு நாளாச்சும் போயிருக்கனா?" என்று சாந்தி பாய்ந்தாள். "அத்தனை கூட்டத்தைப் பாத்தா எனக்கு மயக்கமே வந்துருமே. எழுதுடி!"

சாந்தி சொன்னாள், நான் கோத்தேன், ரேவதி எழுதினாள். ஒரு இடத்தில் நான் என் பழைய புத்தியைக் காட்டி, "ரத்தத்தைக் கண்டு அஞ்ச மாட்டேன்" என்று சொன்னேன். அவள் பேனாவை வைத்துவிட்டாள். "பயம் உண்டுங்க. இருந்தாலும் கூட நிப்பேன்." அப்படியே எழுது என்றேன். அந்தக் கடிதம் எனக்கு இன்றும் மனப்பாடம்:

"அம்மா, காலையில் நீங்கள் பார்த்த ரேவதி நான். முதல் கடிதத்தில் இருந்த எஸ்டேட் வேலையை நான் பார்த்ததில்லை. ஆறு வருடமாக எங்கள் ஊரில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய் வருகிறேன். சீட்டுகளைத் தொலைக்காமல் வைத்துக்கொள்வேன். டாக்டர் சொன்னதை வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியும்படி சொல்வேன். கெட்ட செய்தியைப் பஸ்ஸில் சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போய், காப்பி குடித்த பிறகு சொல்வேன். இங்கிலீஷ் வாசிப்பேன், பேச வராது. ரத்தத்தைப் பார்த்தால் பயம் உண்டு. ஆனாலும் கூட நிற்பேன்."

அவ்வளவுதான். முக்கால் பக்கம்கூட இல்லை. என் ஃபோல்டரில் இருந்த ஒரு சொல்கூட அதில் இல்லை.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரே குடையில் மூன்று பேரும் போய்ச் சேர்ந்தோம். அந்த அம்மா எங்கள் மூன்று பேரையும் உள்ளே வரச் சொன்னார். கடிதத்தை ஒரு தடவை படித்தார், மறுபடியும் படித்தார். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏம்மா பஸ்சுல சொல்ல மாட்டே?"

ரேவதி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "பஸ்சுல அழுவறதுக்கு எடம் இல்லீங்க."

அந்த அம்மா கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, "திங்கக்கெழமை எட்டரைக்கு வந்துரு கண்ணு. மாரமங்கலத்துல இருந்து காலையில பஸ்சு இருக்குதல்ல?" என்றார். சாந்தி என் கையைப் பிடித்து நசுக்கினாள். என்னைப் பார்த்து அந்த அம்மா, "உங்க லெட்டரை மட்டும் இனிமே போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் நம்புவேன்" என்றார். சொன்னபடியே ஒரு வருடம் ஒவ்வொரு கடிதத்துக்கும் போன் செய்தார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அந்தத் தண்டனை எனக்கு வேண்டியதுதான். திரும்பி வரும்போது டீக்கடையில் சாந்தி, "லெட்டரே நான் சொன்னதுதானுங்க" என்று டீ மாஸ்டரிடம் அளந்துகொண்டிருந்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கரண்ட் வந்ததும் ஃபோல்டரை அழித்தேன், பலகையைக் கழற்றினேன். பலகை இப்போது என் ஊட்டு வாசலில் பூந்தொட்டிக்கு அடியில் கிடக்கிறது.

இப்போது போனிடம் சொன்னாலே கவரிங் லெட்டர் எழுதித் தருகிறது என்று நீங்கள் சொல்லக்கூடும். நானும் கேட்டுப் பார்த்தேன். அட, அது என் ஃபோல்டரையே திருடிக்கொண்டு போய் வைத்திருக்கிறது! பெயரும் தேதியும் அது போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆள் வந்தால் "உனக்கு என்ன தெரியும்" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஊருல ஒரு கஷ்டம்னா உன்னை எதுக்குக் கூப்பிடுவாங்க" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கூட வந்தவரைக் கேளுங்கள். அவர் சொல்வதில் நடந்தது எது, பாசத்தில் சொல்வது எது என்று பிரித்துக்கொள்வது உங்கள் பாடு. நடந்த ஒன்றை முதல் நாலு வரிக்குள் வையுங்கள். தெரியாததையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள், அப்போதுதான் மற்றதை நம்புவார்கள். அனுப்பும் முன்னால் வாசித்துக் காட்டுங்கள். இதை மறந்தால் நேரில் வந்து திட்டுவேன், காயம் ஆறட்டும்.

காயத்தைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் நீங்கள் விட மாட்டீர்கள். இரண்டு மாதம் முன்பு, பரிசோதனை ரிப்போர்ட் வாங்க அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரேவதி மேசையில் இருந்தாள். இன்று அந்த ஆஸ்பத்திரியில் அவள் இல்லாமல் ஒரு கதவு திறக்காது. அவளுடைய பெரிய பையன் ஒன்பதாம் வகுப்பு, இங்கேயேதான் படிக்கிறான். உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டு, என் உறையோடு வெளியே வந்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து என் தோளில் கை வைத்தாள்.

"வாங்கக்கா. டாக்டரு அப்பறமாப் பாக்கறேன்னாங்க. மொதல்ல ஒரு காப்பி குடிச்சுட்டு வந்தர்லாம்."

அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் இந்த ஊரில் என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆனாலும் காப்பியை முழுக்கக் குடித்தேன். டம்ளர் காலியான பிறகுதான் சொன்னாள். பயந்த அளவுக்கு இல்லை, சீக்கிரமே பார்த்துவிட்டோம், சேலத்தில் ஒரு ஆபரேஷன் போதும் என்றாள். அங்கே அழ இடம் இருந்தது, நானும் அழுதேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு என்னோடு பஸ்ஸில் கீழே இறங்கி வந்தாள். சேலம் ஆஸ்பத்திரியில் என் சீட்டுகளை ஒரு உறையில் அடுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெரிய டாக்டர் என்னைப் பார்த்து, என்ன செய்கிறது என்று கேட்டார். ஊர் முழுக்க வாயாடி என்று பெயர் வாங்கிய நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லீங்க" என்றேன். அவர் ரேவதியிடம் திரும்பி, "கூட வந்தவங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்றார். அவள் எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவ இருக்கட்டுமுங்க டாக்டர். எனக்குச் சொல்ல வராது. அவ சொல்லுவா."